புதிய மருத்துவக் கருவி வார்டு வரை வந்து சேர்வது எப்படி? டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் மருத்துவமனைக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் நம்மவர்கள் கூடும் இடங்களில் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள், தமிழ்நாட்டில் கருவி செய்யும் சொந்தக்காரர் உள்ளவர்கள் கேட்கிறார்கள், வீட்டில் சர்க்கரை நோயாளியை வைத்துக்கொண்டு தவிப்பவர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கருவி நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் நோயாளியிடம் வர ஏன் இத்தனை வருஷம்?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஆலன் கோர்மாக் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர். 1956இல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேரமாக வேலை பார்த்தபோது, பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே எடுத்து அதைக் கணக்கால் சேர்த்தால் உடம்பின் குறுக்குவெட்டைப் பார்க்கலாமே என்று யோசித்தார். 1963இலும் 1964இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். மருத்துவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பனிச்சரிவை ஆராயும் ஒரு சுவிட்சர்லாந்து மையம் கட்டுரையின் பிரதி கேட்டு எழுதியது என்று அவரே பின்னால் சொன்னார். ஒரு நோயாளியின் தலையை முதன்முதலில் சிடி ஸ்கேன் எடுத்தது 1971இல், லண்டனில். அந்த இயந்திரத்தை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், கோர்மாக்கின் கட்டுரைகளைப் பார்க்காமலே. 1979இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கு சரியாக இருந்தது. ஆனால் அதைச் செய்து முடிக்கும் கணினி, பணம் போடும் நிறுவனம், தன் நோயாளியிடம் முயன்று பார்க்கத் தயாரான மருத்துவர் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதே கதைதான். ஆய்வுக்கூட மேசையில் ஓடுவது வேறு, இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு சிஸ்டர் வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடுவது வேறு.

சாப்ரா, சாப்ரா என்கிறார்களே, அது என்ன?

தென்னாப்பிரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் பொறுப்பான ஒழுங்குமுறை ஆணையம். பழைய மருந்துக் கட்டுப்பாட்டுக் குழுவின் இடத்தில் 2018 பிப்ரவரியில் வந்தது. அடிப்படைச் சட்டம் 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் சட்டம். கருவிகளுக்கென்று தனி விதிகள் வந்ததோ 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்னால் எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு வெளியிடும் கருவிகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் கட்டுப்பாடில்லாமல்தான் உள்ளே வந்தன.

ஆபத்தைப் பொறுத்துக் கருவிகளை ஏ முதல் டி வரை நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டுத்துணி ஏ, இதய வால்வும் பேஸ்மேக்கரும் டி. இப்போது முக்கியமாகப் பார்ப்பது நிறுவனத்தின் உரிமத்தை. கருவியைச் செய்பவரும் இறக்குமதி செய்பவரும் விநியோகிப்பவரும் உரிமம் எடுக்க வேண்டும், அது ஐந்து வருஷம் செல்லும். கருவிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் முறை படிப்படியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே "சாப்ரா உரிமம் இருக்கிறது" என்று விற்பனையாளர் சொன்னால், அது நிறுவனத்துக்கா, கையிலிருக்கும் அந்தக் கருவிக்கா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

என் தம்பி கோயம்புத்தூரில் கருவி தயாரிக்கிறான். இந்தியாவில் அனுமதி கிடைத்துவிட்டது. அதை வைத்து இங்கே விற்கலாமா?

அது மட்டும் போதாது. ஆபத்து மிகுந்த வகுப்புக் கருவிகளுக்கு அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரேசில் போன்ற இடங்களில் ஏதாவது ஒன்றின் அனுமதியை சாப்ரா பார்க்கிறது. நோயறியும் பரிசோதனைக் கருவியாக இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் உதவும். அந்த நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை. இதைக் கேட்டவுடன் பலருக்கும் முகம் சுருங்கிவிடுகிறது. எனக்கும் வருத்தம்தான், ஏனென்றால் விலையிலும் தட்பவெப்பத்துக்குப் பொருந்துவதிலும் நம் ஊர்க் கருவிகள் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: தரமேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 13485 சான்றிதழை முதலில் வாங்கட்டும். இங்கே வசிக்கும் ஒருவர் அவருடைய நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பிரதிநிதியாக இருக்க வேண்டும். சொந்தக்காரன் என்பதற்காக அந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கருவியால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அப்புறம், புளூடூத்தோ வைஃபையோ இருந்தால் தொலைத்தொடர்பு ஆணையமான இகாசாவின் ஒப்புதல் தனியாக வேண்டும். எக்ஸ்ரே வெளியிடும் கருவி என்றால் 1973ஆம் ஆண்டின் அபாயப் பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க யாரிடம் கேட்க வேண்டும்?

பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவிடம். கருவியின் வகையைப் பொறுத்து சாப்ராவிடமும். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிது. இங்கே அது பெரும்பாலும் இசிஜூலு. ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் விரல் வைக்கச் சொல்வது ஒப்புதல் ஆகாது.

அனுமதி கிடைத்துவிட்டது, மருத்துவமனையும் வாங்கிவிட்டது. அதற்கு மேல் என்ன தடை?

என் வேலையே அங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வார்டுக்குப் புது இன்ஃப்யூஷன் பம்புகள் வந்தன. ரத்த நாளம் வழியாக மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து செலுத்தும் கருவி. நல்ல கருவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் கம்பியில் இருந்தது ஐரோப்பிய பிளக். நம் சுவரில் இருப்பதோ பெரிய உருண்டையான மூன்று முள் சாக்கெட். உடனே கடையிலிருந்து அடாப்டர் வாங்கி மாட்டினார்கள். அடாப்டர் தளர்ந்து போகும், கட்டிலை நகர்த்தினால் கழன்றுவிடும். பம்ப் சத்தமில்லாமல் பேட்டரிக்கு மாறி ஓடும். முன்பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு அணைந்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். பேட்டரி தீரும்போது அலறும், அது பெரும்பாலும் ஷிஃப்ட் மாறும் நேரமாக இருக்கும்.

அடுத்தது டிரிப் செட். அந்த பம்புக்கு அந்த நிறுவனத்தின் குழாய்தான் போட வேண்டும், ஏனென்றால் குழாயின் உள்விட்டத்தை வைத்துத்தான் அது அளவைக் கணக்கிடுகிறது. ஸ்டோரில் இருந்ததோ எல்லா வார்டுக்கும் பொதுவான சாதாரண செட். பம்ப் வாங்கும்போது எல்லோரும் பம்பின் விலையைப் பார்த்தார்கள், ஒரு வருஷத்துக்கு எத்தனை செட் வேண்டும், அதற்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. செட் தீர்ந்ததும் பம்புகள் அலமாரிக்குப் போயின. அப்புறம் துடைப்பது. இங்கே வார்டுகளில் குளோரின் கலந்த கிருமிநாசினிதான் புழக்கம். உற்பத்தியாளரின் கையேடு வேறு திரவத்தைச் சொல்கிறது. சில மாதத்தில் திரை மங்கி, எண்ணைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியதாயிற்று. 3 என்பது 8 போலத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றில் எதுவுமே அனுமதிக் கோப்பில் வராது. மின்சாரப் பாதுகாப்புக்கான ஐஇசி 60601 சோதனையில் அந்த பம்ப் தேறியதுதான். ஆகவே வாங்குவதற்கு முன்னால் கருவியை வார்டில் வைத்துப் பாருங்கள், அங்கே வேலை பார்க்கும் சிஸ்டர்களும் துடைக்கிறவரும் ஸ்டோர் பார்க்கிறவரும் கைவைத்துப் பார்க்கட்டும் என்று நான் சண்டை போடாத குறையாகச் சொல்லி வருகிறேன். கேட்ட இடங்களில் கருவி நிலைக்கிறது.

பழுதானால் சரி செய்துகொள்ளலாமே, அது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

உயிர்ப் பிரச்சினை. க்வாசூலு-நட்டாலில் அரசு மருத்துவமனைகளில் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்ததும், நிபுணர்கள் போதாததும் சேர்ந்து நோயாளிகளின் உரிமையை மீறிவிட்டன என்று தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2017 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இயந்திரங்கள் பழங்காலத்துச் சரக்கல்ல. ஓடாத இயந்திரத்தின் முன்னால் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் புற்றுநோயாளிகள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தை வாங்கும் விலையோடு சேர்த்தே பேசி முடிக்க வேண்டும். உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், சர்வீஸ் பாஸ்வேர்டை உள்ளூர் தொழில்நுட்பருக்குத் தருவார்களா, பொறியாளர் டர்பனில் இருக்கிறாரா ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பறந்து வர வேண்டுமா என்றெல்லாம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கருவியை விற்ற பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு கருவிகளை எப்படிப் பாதிக்கிறது?

2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை நிறையத் தேவலை. ஆனால் 2022, 2023 வருஷங்களில் பட்டது மறக்காது. பெரிய மருத்துவமனைகளில் ஜெனரேட்டர் உண்டு, பலவற்றுக்கு மின்வெட்டிலிருந்து விலக்கும் கிடைத்தது. சின்ன கிளினிக்குகள்தான் மாட்டிக்கொண்டன. ஜெனரேட்டர் இருந்தாலும் அது எழுந்து சுமையைத் தாங்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் பகுப்பாய்வுக் கருவி அணைந்து திரும்பத் தொடங்கும், உள்ளே இருந்த மாதிரி வீண். மின்சாரம் திரும்பும்போது வரும் அதிர்வு பவர் சப்ளையைக் கருக்கும். வடிவமைப்பவர்கள் இங்கே வந்து ஒரு மாதம் இருந்து பார்த்தால் பேட்டரியை இன்னும் பெரிதாக வைப்பார்கள்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அழிந்து, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நீராவியில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் டயாலிசிஸ் இயந்திரமும் தண்ணீரைக் குடித்து ஓடுபவை. அப்புறம் நம் கடற்கரைக் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து இணைப்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கின்றன.

எங்கள் சங்கம் வெளிநாட்டிலிருந்து பழைய கருவிகளைத் தானமாக வாங்கிக் கொடுக்க நினைக்கிறது. நல்லதுதானே?

மனசு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதலில் மருத்துவமனையைக் கேளுங்கள், அப்புறம் கன்டெய்னரை ஏற்பாடு செய்யுங்கள். பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வளம் குறைந்த 16 நாடுகளின் கருவிப் பட்டியல்களை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 40 விழுக்காடு கருவிகள் ஓடாமல் கிடப்பதாகச் சொன்னது. தானமாக வந்தவற்றின் கதி இன்னும் மோசமாக இருக்கக் காரணம் உண்டு: கையேடு வராது, ஒரு துணைப்பாகம் குறையும், உற்பத்தியாளரே அந்த மாடலைக் கைவிட்டிருப்பார்.

அமெரிக்காவிலிருந்து வருகிறது என்றால் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது, சில மோட்டார்கள் வேகம் குறைந்து ஓடும். பழைய எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் இங்கே உரிமம் வேண்டும். இலவசமாக வந்தது என்பதால் சட்டம் விட்டுவிடாது.

என்னைக் கேட்டால், அதே பணத்தில் மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளுக்கு பேட்டரி, பிரோப், கஃப், சென்சார் வாங்கிக் கொடுங்கள். பெயர்ப் பலகை வைக்க இடம் இருக்காது. ஆனால் மூலையில் கிடக்கும் பத்து மானிட்டர் மறுநாளே ஓடத் தொடங்கும். இதைச் செய்யும் சங்கத்தாரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நல்ல கருவி வந்தால் சாவு குறையத்தானே வேண்டும்?

அப்படித்தான் எல்லோரும் ஜீன்எக்ஸ்பெர்ட் வந்தபோது நினைத்தோம். காசநோயையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும் கருவி. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது, தென்னாப்பிரிக்கா 2011லேயே நாடு முழுக்கக் கொண்டுவரத் தொடங்கியது. அவ்வளவு வேகமாக வேறு எந்த நாடும் இறங்கவில்லை என்றே சொல்லலாம். அதற்காக இந்த நாட்டைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

பிறகு இங்கேயே, 4,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து, பழைய மைக்ரோஸ்கோப் முறையோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2015இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் புது முறையில் 3.9 விழுக்காடு, பழைய முறையில் 5 விழுக்காடு. மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் புது முறை உயிரைக் காத்தது என்று சொல்ல முடியவில்லை. காரணம் கருவியில் இல்லை. இயந்திரம் மைய ஆய்வகத்தில் இருந்தது, சளி மாதிரி கிளினிக்கிலிருந்து வண்டியில் போய், முடிவு திரும்பி வர வேண்டியிருந்தது. முடிவு வந்தும் சிலர் சிகிச்சை தொடங்கவில்லை. மறுபுறம், பரிசோதனை நோய் இல்லை என்று காட்டினாலும் அறிகுறியைப் பார்த்தே மருத்துவர்கள் பலருக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரக் கருவியைச் சுற்றிப் பழைய கால அமைப்பு அப்படியே இருந்தது.

சின்ன விஷயம் ஒன்றும் சொல்கிறேன்: மாதிரியைப் போட்டுச் சோதிக்கும் அதன் கார்ட்ரிட்ஜை 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஏசி இல்லாத அறையில் ஜனவரி மாத டர்பன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கருவிகள் நம் நிறத்துக்குச் சரியாகக் காட்டுமா?

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றி என்றால், கவலைப்பட நியாயம் இருக்கிறது. ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி ஆக்சிஜனை அளக்கும் கருவி அது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் வெளிர் தோலில் சரிபார்த்த கருவி என்பதே அடிப்படைக் காரணம். இங்கே பெரும்பான்மை மக்களின் தோல் கருமை, நம்மில் பலருக்கும் அப்படித்தான். "எந்தத் தோல் நிறங்களில் சோதித்தீர்கள்?" என்று ஒவ்வொரு விற்பனையாளரையும் கேட்க வேண்டும். வீட்டில் மூச்சு வாங்குகிறவர் இருந்தால், எண் நன்றாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

யார் பணம் கொடுப்பது? தாத்தாவுக்கு ஒட்டும் சர்க்கரை சென்சாரை மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) தருமா?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். சர்க்கரை நோய் கட்டாயம் ஈடுகட்ட வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்காக எந்தக் கருவியையும் தர வேண்டும் என்று பொருளில்லை. மருத்துவர் ஏன் தேவை என்று எழுதித் தரும் கடிதத்தோடு கேளுங்கள், கருவிக்கு நாப்பி எண், அதாவது மெடிக்கல் எய்டிடம் பணம் கேட்கப் பயன்படும் குறியீட்டு எண், இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கே திரும்பி வந்துவிடும்.

நாட்டில் நூற்றில் சுமார் 15 பேருக்குத்தான் மெடிக்கல் எய்ட் இருக்கிறது. மற்றவர்களுக்கு அரசு மருத்துவமனைதான், அங்கே எதையும் டெண்டர் வழியாகத்தான் வாங்க முடியும். புது நிறுவனங்கள் பல அந்தக் காத்திருப்பிலேயே மூச்சை விட்டுவிடுகின்றன.

தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து வெற்றி பெற்ற கருவி ஏதாவது உண்டா?

லோடாக்ஸ். தொழிலாளிகள் வைரத்தை உடம்பில் மறைத்து எடுத்துப் போகிறார்களா என்று பார்க்க டீ பியர்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த எக்ஸ்ரே அது. தினமும் எடுக்க வேண்டியிருந்ததால் கதிர்வீச்சை மிகவும் குறைத்திருந்தார்கள். காயப்பட்டவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் அதன் பயனைக் கண்டுகொண்டார்கள்: தலை முதல் கால் வரை 13 நொடியில் ஒரே படம். க்ரூட் ஸ்கூர் காயப்பிரிவில் பயன்படுத்திப் பார்த்து, 2002இல் அமெரிக்க அனுமதியும் பெற்றார்கள். மனிதரைச் சந்தேகித்துச் செய்த கருவி உயிர் காக்கத் திரும்பியதில் எனக்குத் தனி நிறைவு.

கர்ப்பிணியின் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைச் சாதாரண கிளினிக்கிலேயே அளக்கும் அம்பிஃப்ளோவும் இங்கே பிறந்ததே. கோவிட் நேரத்தில், மீர்காட் ரேடியோ தொலைநோக்கியை நடத்தும் அமைப்பிடம் வென்டிலேட்டர் திட்டத்தை அரசு ஒப்படைத்தது. சிக்கலான இயந்திரத்துக்கு ஆசைப்படாமல், தொடர் அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து மூச்சுக்கு உதவும், எங்கும் ஓட்டக்கூடிய எளிய சிபாப் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது.

ஏஐ மென்பொருளும் மருத்துவக் கருவியா?

நோயைக் கண்டறியச் சொல்கிறது என்றால் ஆம். நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேடும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. மென்பொருள் தரும் மதிப்பெண் எதற்கு மேல் போனால் காசநோய் என்று சந்தேகிப்பது என்பதை அந்தந்த ஊரில் சரிபார்த்து வைக்க வேண்டும். நோயாளியின் படம் எந்த நாட்டு சர்வருக்குப் போகிறது என்பதற்கு, தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் பதில் கேட்கும்.

மருத்துவர் எனக்குப் புதுக் கருவி ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார். நான் என்ன கேட்க வேண்டும்?

இது ஆய்வின் பகுதியா, வழக்கமான சிகிச்சையா என்று முதலில் கேளுங்கள். இதே கருவியை அவர் ஏற்கெனவே எத்தனை பேருக்குப் பொருத்தியிருக்கிறார், பழுதானால் யாரைக் கூப்பிடுவது, எடுக்க வேண்டி வந்தால் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உடம்புக்குள் வைக்கும் கருவி என்றால் அதன் பெயர், மாடல், லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) உள்ள ஸ்டிக்கரின் பிரதியை வாங்கி மருத்துவச் சீட்டோடு வையுங்கள். பிற்காலத்தில் அந்த லாட்டை உற்பத்தியாளர் திரும்பப் பெற்றால், உங்களிடம் இருப்பது அதுதானா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இருக்காது. வீட்டுக் கருவி ஏதாவது தவறாக நடந்துகொண்டால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துடைக்காமல், திரும்பச் செட் செய்யாமல், பெட்டியோடு கிளினிக்குக்குக் கொண்டு போய் சிஸ்டரிடம் சொல்லி, சாப்ராவுக்கு அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள்.